கச்சையை எடுத்தவரும் பயணம் போனவரும்

செசரியாவில் சுவிசேஷகன் பிலிப்புவின் வீட்டுக்கு யூதேயாவிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் அகபு. அங்கே தங்கியிருந்த பவுலின் கச்சையை எடுத்துத் தம்முடைய கைகளையும் கால்களையும் கட்டிக்கொண்டார். இந்தக் கச்சைக்கு உரியவரை எருசலேமில் யூதர்கள் இப்படியே கட்டிப் புறஜாதியாரிடம் ஒப்புக்கொடுப்பார்கள் என்று பரிசுத்த ஆவியானவர் சொல்வதாக அறிவித்தார். கேட்டவர்கள் அழுதார்கள், போக வேண்டாம் என்று பவுலைக் கெஞ்சினார்கள். பவுல் போனார். அப்போஸ்தலர் நடபடிகள் 21-ஆம் அதிகாரத்தில் லூக்கா சில வசனங்களில் சொல்லி முடித்துவிடும் காட்சி இது. தனி ஒருவருக்கு நேருக்கு நேர் சொல்லப்பட்ட தீர்க்கதரிசனமும், அதைப் பெற்றவர் அதை என்ன செய்தார் என்பதும் இவ்வளவு தெளிவாகச் சேர்ந்து பதிவாகியிருக்கும் இடம் புதிய ஏற்பாட்டில் அரிது.

தமிழ்ச் சபைகளுக்கு இந்தக் காட்சியின் முதல் பாதி நன்றாகவே பழகியது. உபவாச ஜெபங்களிலும் கன்வென்ஷன் மேடைகளிலும், இப்போது யூடியூப் நேரலைகளிலும் தொலைபேசி ஜெபங்களிலும், ஒருவர் இன்னொருவரிடம் ‘கர்த்தர் உங்களுக்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்’ என்கிறார். அந்த வார்த்தை ஒரு பெண்ணின் திருமணத்தைப் பற்றியதாக இருக்கலாம். வெளிநாட்டு வேலை, பிள்ளைப்பேறு, வீடு விற்பது, முழுநேர ஊழியம், அறுவை சிகிச்சை என்று எதைப் பற்றியும் இருக்கலாம். சொன்னவர் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போய்விடுவார். கேட்டவர்தான் அதைச் சுமந்துகொண்டு வருஷக்கணக்கில் வாழ வேண்டும். தீர்க்கதரிசனம் உரைக்கும் வரத்தை வாஞ்சிக்கச் சொல்லும் பிரசங்கங்கள் நிறைய. தீர்க்கதரிசனம் கேட்ட விசுவாசி மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் பிரசங்கங்கள் மிகக் குறைவு. பவுல் செய்த காரியம் அங்கேதான் நமக்கு உதவுகிறது. ஒரு தீர்க்கதரிசனம் மெய்யாகவே தேவனிடமிருந்து வந்ததாக இருந்தாலும் அது கேட்டவருக்கு ஒன்றைத் தெரிவிக்கிறதே தவிர, அவருக்காகத் தீர்மானம் எடுத்துவிடுவதில்லை. அந்தத் தீர்மானத்தைக் கேட்டவரிடமும் அவர் சார்ந்த சபையிடமும் தேவன் விட்டுவைத்திருக்கிறார். அதைத் தூக்கித் தீர்க்கதரிசியிடம் கொடுத்துவிடுவது கீழ்ப்படிதல் போலத் தோன்றும். வேதாகமத்தில் அதற்குக் கீழ்ப்படிதல் என்ற பெயர் கிடையாது.

அகபு சொன்னதைச் சொல் சொல்லாகப் பாருங்கள். என்ன நடக்கும் என்று சொன்னார். போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ‘போகாதே’ வந்தது கூடியிருந்தவர்களின் கண்ணீரிலிருந்து. கெஞ்சியவர்களில் தானும் ஒருவன் என்பதை லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். அவர்கள் பவுலை நேசித்தவர்கள், ஆவியின் வரங்களை அறிந்தவர்கள். அந்த வீட்டிலேயே தீர்க்கதரிசனம் சொல்லுகிற நான்கு பெண்கள் இருந்தார்கள். அவ்வளவு பேரும் ஒரே செய்தியைக் கேட்டு ஒரே முடிவுக்கு வந்தார்கள். அதே செய்தியைக் கேட்ட பவுல் வேறு முடிவுக்கு வந்தார்: கட்டப்படுவதற்கு மாத்திரமல்ல, இயேசுவின் நாமத்துக்காகச் சாகவும் ஆயத்தம் என்றார். அகபு சொன்னதை அவர் மறுக்கவில்லை. அதை முழுக்க நம்பிக்கொண்டே, கட்டுகள் காத்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டே புறப்பட்டார்.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும். அதை லேசாகத் தள்ள முடியாது. அதற்குச் சில நாட்களுக்கு முன் தீரு பட்டணத்துச் சீஷர்கள், எருசலேமுக்குப் போக வேண்டாம் என்று ஆவியின் ஏவுதலால் பவுலிடம் சொன்னதாக அதே அதிகாரத்தின் 4-ஆம் வசனம் கூறுகிறது. அப்படியானால் பவுல் ஆவியானவரையே மீறினாரா? மீறினார் என்று வாசிப்பவர்களும் உண்டு. ஆனால் தீருவுக்கு வருமுன்பே, மிலேத்துவில் எபேசு சபையின் மூப்பர்களிடம் பேசும்போது, தாம் ஆவியில் கட்டுண்டவராக எருசலேமுக்குப் போவதாகவும், அங்கே கட்டுகளும் உபத்திரவங்களும் உண்டு என்று ஆவியானவரே பட்டணந்தோறும் தெரிவித்து வருவதாகவும் பவுல் சொல்லியிருந்தார். போகச் சொன்னவரும் ஆபத்தைக் காட்டியவரும் ஒருவரே. எருசலேமில் கைதான பிறகு ஓர் இரவில் கர்த்தர் அவர் அருகே நின்று திடப்படுத்துகிறார். ஏன் வந்தாய் என்று கடிந்துகொள்ளவில்லை, ரோமாவிலும் சாட்சி சொல்ல வேண்டும் என்கிறார். முன்னும் பின்னும் உள்ள இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால், தீருவில் ஆவியானவர் காட்டியது ஆபத்து, ‘ஆகவே போகாதே’ என்பது சீஷர்களின் அன்பு கூட்டிச் சேர்த்தது என்று கொள்வதே பொருந்துகிறது. வெளிப்பாடும் அதிலிருந்து மனிதர் எடுக்கும் முடிவும் ஒரே வாக்கியத்துக்குள் எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன என்பதைத் தீருவைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

அகபு இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை வருகிறார். அந்தியோகியா சபையில் எழுந்து, எங்கும் கொடிய பஞ்சம் உண்டாகும் என்றார். கிலவுதியு ராயனின் நாட்களில் அது வந்தது என்கிறார் லூக்கா. அக்காலத்தில் எருசலேம் பசியால் வாடியதையும், அதியாபெனே நாட்டு அரசி ஹெலனா எகிப்திலிருந்து தானியமும் சைப்ரஸிலிருந்து உலர்ந்த அத்திப்பழமும் வரவழைத்துக் கொடுத்ததையும் யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்கிறார். அந்தியோகியாவின் சீஷர்கள் என்ன செய்தார்கள்? அவரவர் திராணிக்குத் தக்கபடி யூதேயாவின் சகோதரருக்குப் பணம் அனுப்பத் தீர்மானித்தார்கள். தீர்மானித்தவர்கள் அவர்கள், அகபு தொகை சொன்னதாகவோ காணிக்கை கேட்டதாகவோ இல்லை. சேர்ந்த பணமும் அகபுவின் கையில் போகவில்லை. பர்னபா, சவுல் (அதாவது பவுல்) கையில் எருசலேமின் மூப்பர்களுக்குப் போயிற்று. பஞ்சத்தைப் பற்றிச் சொன்னவர் பஞ்ச நிதியைத் தொடவில்லை என்பது சிறிய விவரமாகத் தெரியலாம். நம் காலத்தில் அது சிறிய விவரம் இல்லை.

அகபு சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்ததா என்பதிலும் வேத அறிஞர்களிடையே விவாதம் உண்டு. பவுலைக் கட்டியவர்கள் யூதர்கள் அல்ல, ரோமச் சேனாபதியின் ஆட்கள். யூதர்கள் அவரை ஒப்புக்கொடுக்கவில்லை, அவர்களிடமிருந்து ரோமர்கள்தான் அவரைப் பறித்தெடுத்தார்கள். அமெரிக்க இறையியலாளர் வெய்ன் குரூடம் இந்த வேறுபாட்டைச் சுட்டி, புதிய ஏற்பாட்டுச் சபைகளின் தீர்க்கதரிசனம் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளின் அதிகாரம் உடையதல்ல, விவரங்களில் பிசகக்கூடியது என்று வாதிட்டார். ரோமாபுரியில் பவுலே தம் கதையைச் சொல்லும்போது, எருசலேமிலிருந்து ரோமர் கையில் ஒப்புக்கொடுக்கப்பட்டதாகத்தானே சொல்கிறார் என்று மறுப்பவர்கள் கேட்கிறார்கள். இரண்டாவது தரப்பே எனக்கு வலுவாகப் படுகிறது. அகபுவின் வார்த்தையை இவ்வளவு கறாராக அளக்க லூக்கா நம்மை அழைக்கவில்லை. ஆனால் எந்தத் தரப்பை ஏற்றாலும் கேட்டவரின் கடமை மாறாது. தீர்க்கதரிசனம் பிசகில்லாததாகவே இருந்தாலும், நாம் கேட்பது ஒரு மனிதரின் வாயிலிருந்து. நாம் அதைப் புரிந்துகொள்வது நம் ஆசைகளும் பயங்களும் நிறைந்த மனதால்.

இதனால்தான் பவுல் சபைகளுக்கு எழுதும்போது இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் அவருடைய நிருபங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று, கி.பி. 50-ஐ ஒட்டியது. அதன் கடைசி அதிகாரத்தில், தீர்க்கதரிசனங்களை அற்பமாக நினைக்கக் கூடாது என்று சொன்ன கையோடு, எல்லாவற்றையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார். நம்மில் ஒரு கூட்டம் முதல் பாதியை மட்டும் வாசிக்கிறது, இன்னொரு கூட்டம் இரண்டாம் பாதியை மட்டும். கொரிந்தியருக்கு எழுதும்போது முறையையும் சொல்கிறார்: இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும். நிதானிக்கிறவர்கள் இல்லாத இடத்தில், அறைக்குள் தனியாக, கைபேசியில், இது யாருக்கும் தெரிய வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு சொல்லப்படும் வார்த்தை பவுல் விதித்த முறைக்கு ஆரம்பத்திலேயே வெளியே நிற்கிறது. ஆதிச் சபை இதைச் சீக்கிரமே பாடுபட்டுக் கற்றது. ‘திதாகே’ என்ற பழைய சபை ஒழுங்கு நூலின் கையெழுத்துப் பிரதியை 1873-இல் கொன்ஸ்தாந்திநோபிளில் பிலோத்தேயோஸ் பிரையென்னியோஸ் கண்டெடுத்தார். 1883-இல் அது அச்சாயிற்று. ஊர் ஊராக வரும் தீர்க்கதரிசிகளைப் பற்றி அதில் வரும் விதிகள் வியப்பூட்டும் அளவுக்கு நடைமுறை சார்ந்தவை. ஆவியில் பேசுகிற எல்லோரும் தீர்க்கதரிசிகள் அல்ல, கர்த்தருடைய நடக்கை யாரிடம் இருக்கிறதோ அவரே தீர்க்கதரிசி என்கிறது. ஆவியில் பேசுவதாகச் சொல்லிப் பந்தி ஆயத்தம் செய்யச் சொல்லி, அதில் தானே சாப்பிடுகிறவனை நம்பாதே என்கிறது. ஆவியின் பெயரால் எனக்குப் பணம் கொடு என்று கேட்பவனுக்குச் செவிகொடுக்காதே. இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்காதே என்கிறது.

அபிஷேகம் பெற்றவர்களைச் சோதிப்பது அவிசுவாசம், அவர்களைத் தொடக் கூடாது என்ற கட்டளை வேதத்திலேயே இருக்கிறதே என்று இங்கே ஒருவர் கேட்பார். 105-ஆம் சங்கீதத்தின் அந்த வசனம் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் அந்நிய தேசங்களில் அலைந்தபோது அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குக் கொடுக்கப்பட்ட எச்சரிக்கை. பலமில்லாத நாடோடிகளை அரசர்களிடமிருந்து காக்கும் வசனம் அது. மேடையில் இருப்பவரைக் கீழே உட்கார்ந்திருப்பவரின் கேள்வியிலிருந்து காக்க அதைப் பயன்படுத்துவது வசனத்தின் முகத்தையே திருப்பிவைப்பது. 1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரம் இதற்கு நேர் பதில் தருகிறது. யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்து யெரொபெயாமின் பலிபீடத்துக்கு விரோதமாகப் பேசிய தேவனுடைய மனுஷனுக்கு, அங்கே சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது என்பது நேரடிக் கட்டளை. பெத்தேலில் இருந்த கிழத் தீர்க்கதரிசி ஒருவர் அவரைத் தேடிப்போய், நானும் உன்னைப் போலத் தீர்க்கதரிசிதான், தேவதூதன் எனக்குச் சொன்னான் என்று வீட்டுக்கு அழைத்தார். அது பொய் என்கிறது வேதம். நம்பிப் போனவரைத் திரும்பும் வழியில் சிங்கம் கொன்றது. பொய் சொன்னவர் பிழைத்திருக்க, நம்பியவர் செத்தது வாசிப்பவரைத் தொந்தரவு செய்யும் கதை. அதை மழுப்பி விளக்கவும் முடியாது. ஆனால் வயதோ பதவியோ ‘எனக்கும் வெளிப்பாடு உண்டு’ என்ற பேச்சோ கேட்டவரின் பொறுப்பைத் தூக்கிக்கொள்ளாது என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது.

இன்னொரு பதில் இன்னும் அதிகம் கேட்கக் கிடைப்பது: ‘என் பெயரைச் சொன்னார், என் வியாதியைச் சொன்னார், யாருக்கும் தெரியாததைச் சொன்னார், இது கர்த்தர் அல்லாமல் வேறு யார்?’ துல்லியம் மனிதரை மடக்கிவிடுகிறது. பல ஆயிரம் பேர் கூடிய மைதானத்தில் முழங்கால் வலியோடு ஒரு மேரி இருப்பது அதிசயம் அல்ல. 1986-இல் அமெரிக்க ஊழியர் பீட்டர் பொப்பாஃப் மேடையில் சொன்ன பெயர்களும் முகவரிகளும், மக்கள் எழுதிக்கொடுத்த ஜெபச் சீட்டுகளைப் பார்த்து அவர் மனைவி வானொலி வழியாகக் காதுக்கருவிக்குள் வாசித்தவை என்று ஜேம்ஸ் ராண்டி ஒலிப்பதிவோடு அம்பலப்படுத்தினார். எல்லா ஊழியர்களும் அப்படி என்று சொல்வது அநியாயம். ஏமாற்று கொஞ்சமும் இல்லாத இடத்திலும் துல்லியம் மட்டும் போதாது என்பதே வேதாகமத்தின் நிலை. ஒருவன் சொன்ன அடையாளம் நடந்தேவிட்டாலும், அவன் வேறு தேவர்களுக்குப் பின்னே அழைத்தால் போகாதே என்று உபாகமம் 13 சொல்கிறது. பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லும் ஆவியுள்ள ஒரு பெண், பவுலும் அவர் கூட்டாளிகளும் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர் என்று நாள்தோறும் கூவினாள். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. பவுல் அந்த ஆவியைத் துரத்தினார். அவளை வைத்துப் பணம் சம்பாதித்தவர்களுக்குத்தான் கோபம் வந்தது.

குறி என்ற சொல்லை நாம் நின்று யோசிக்க வேண்டும். நம் ஊரில் கோடாங்கியிடமும் ஜோசியரிடமும் ஓலைச் சுவடிக்காரரிடமும் போகிறவர் கேட்பது ஒரே கேள்வி: எனக்கு என்ன நடக்கும்? அந்தக் கேள்வியில் இழிவு ஒன்றும் இல்லை. அது பயத்தின் கேள்வி, பிள்ளைக்கு வரன் அமையாத தாயின் கேள்வி. ஞானஸ்நானம் எடுத்த அன்றே அது மனதை விட்டுப் போய்விடாது. ஜோசியரிடம் போவதை விட்ட குடும்பங்கள் அதே கேள்வியைத் தீர்க்கதரிசன ஊழியரிடம் கொண்டுபோவது நம் சபைகளில் பரவலாக நடக்கிறது. டிசம்பர் 31 இரவில் வரும் ஆண்டு பற்றிய அறிவிப்புகளுக்கு உள்ள பசியும் அந்தக் கேள்வியின் பசிதான். வேதாகமத்திலும் பின்னால் ராஜாவான சவுல் தொலைந்த கழுதைகளுக்காகத்தான் கால் சேக்கல் வெள்ளியோடு ஞானதிருஷ்டிக்காரரைத் தேடிப் போனார். கழுதைகள் கிடைத்துவிட்டன என்று சாமுவேல் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு, சவுல் கேட்காத காரியத்தைப் பேசினார். பெரும்பாலான தீர்க்கதரிசிகள் மக்களிடம் பேசியது இந்த வகை. உங்களுக்கு என்ன நடக்கும் என்பதைவிட, நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், விதவைக்கும் கூலியாளுக்கும் என்ன செய்தீர்கள் என்பதே ஆமோஸ், மீகா, ஏசாயாவின் பேச்சு. நம் மேடைகளில் தனிநபர் தீர்க்கதரிசனம் பதவி உயர்வையும் புதிய வீட்டையும் சொல்லும் அளவுக்கு, பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்த அநியாயத்தைச் சொல்வதில்லை என்றால், அதைக் கேட்பவர் கவனிக்க வேண்டும்.

நிறைவேறாத வார்த்தைகளை என்ன செய்வது? 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் நடத்திய ஊழியத்தில் எழுந்த எழுப்புதலில் அந்நிய பாஷையும் தரிசனங்களும் தீர்க்கதரிசனமும் இருந்தன. உலகம் அறிந்த 1906-ஆம் ஆண்டின் அசூசா தெரு எழுப்புதலுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே இங்கே நடந்தது அது. நம் மண்ணின் அந்த வரலாறு மதிக்கத்தக்கது. அதன் தொடர்ச்சியாகத் திருவிதாங்கூரில் எழுந்த இயக்கத்தில், விதுவான் குட்டி என்று அறியப்பட்ட யுஸ்துஸ் யோசேப்பும் அவரைச் சேர்ந்தவர்களும் 1881-இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார்கள். ஆண்டு வந்தது, போனது. அவர்கள் தவறை ஒப்புக்கொள்ளாமல் புதிய யுகம் பிறந்துவிட்டதாக விளக்கம் சொல்லித் தனிச் சபையாகப் பிரிந்தார்கள். 2020-இல் டொனால்ட் டிரம்ப் மறுபடி வெல்வார் என்று அமெரிக்காவில் பல ஊழியர்கள் கர்த்தரின் பெயரால் சொன்னார்கள். ஜோ பைடன் வென்றார். சொன்னவர்களில் ஒருவரான ஜெரமையா ஜான்சன் 2021 ஜனவரியில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதற்குக் கிறிஸ்தவர்களிடமிருந்தே அவருக்கு வசையும் மிரட்டலும் வந்தன. தீர்க்கதரிசி தவறினார் என்பதைவிட, அவர் அதை ஒப்புக்கொண்டதுதான் கேட்டவர்களைக் கோபப்படுத்தியது. தீர்மானத்தை முழுவதும் அவரிடம் ஒப்படைத்தவர்களுக்கு, அவர் பின்வாங்கினால் நிற்க இடமில்லை.

நம் சபைகளில் நிறைவேறாத வார்த்தைக்கு வேறொரு விளக்கம் தயாராக இருக்கும்: உன் விசுவாசக் குறைவு. இதைவிடக் கொடூரமான பதில் இருக்க முடியாது. பிள்ளை பிறக்கும் என்று தேதியோடு சொல்லி, பிறக்காதபோது அந்தப் பெண்ணின் தலையிலேயே பழியையும் போடுவது அது. உபாகமம் 18 சொல்வது இதற்கு நேர்மாறு: சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, தீர்க்கதரிசி துணிகரமாய்ப் பேசினான். பழி பேசியவருக்கு, கேட்டவருக்கு இல்லை. நினிவே 40 நாளில் அழியும் என்று யோனா சொல்லியும் அழியவில்லையே என்றால், ஊர் மனந்திரும்பியதால் தண்டனை நீங்கியது. அறிவித்த ஆசீர்வாதம் வராததற்கு அதை உவமை காட்ட முடியாது. எரேமியா 28-இல் அனனியா, இரண்டு வருஷத்துக்குள் ஆலயப் பாத்திரங்கள் பாபிலோனிலிருந்து திரும்பிவிடும் என்று எல்லோருக்கும் இனிக்கும் செய்தியைச் சொன்னபோது, எரேமியா சொன்ன முதல் சொல் ஆமென். கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். சமாதானம் சொல்லும் தீர்க்கதரிசியை அது நடக்கும்போதுதான் அறியலாம் என்று நினைவூட்டினார். அனனியா எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை உடைத்தபோதும் எதிர்வாதம் செய்யாமல் தம் வழியே போனார். கர்த்தரின் பதில் பிறகே வந்தது. தீர்க்கதரிசியான எரேமியாவுக்கே அவசரம் இல்லை. நமக்கு ஏன் அந்தக் கூட்டத்திலேயே கையைத் தூக்கி ஒப்புக்கொடுக்க வேண்டிய அவசரம்?

இப்படியெல்லாம் சோதிக்க வேண்டியிருந்தால் தீர்க்கதரிசனமே வேண்டாம், வேதம் போதும் என்று சொல்லும் சகோதரர்களின் வாதத்துக்கும் எடை உண்டு. 1918-இல் பி. பி. வார்ஃபீல்ட் எழுதிய நூலிலிருந்து இன்றுவரை அந்த மரபு, அப்போஸ்தலரோடு இவ்வரங்கள் நின்றுவிட்டன என்கிறது. ஏமாற்றப்பட்டவர்களின் துயரத்தைப் பார்த்தால் அந்த முடிவின் கவர்ச்சி புரிகிறது. ஆனால் அற்பமாக நினைக்காதீர்கள் என்று பவுல் எழுதியது, தவறான தீர்க்கதரிசனங்கள் ஏற்கெனவே திரிந்துகொண்டிருந்த காலத்தில்தான். கள்ள நாணயம் புழங்குவதால் நாணயத்தையே ஒழிக்க அவர் சொல்லவில்லை. தேவன் பேசுவார் என்று முழுமனதோடு நம்பியவர்களே அதைச் சோதிக்கச் சொன்னதும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் ஸ்பானியத் துறவி சிலுவையின் யோவான், ‘கர்மேல் மலை ஏற்றம்’ நூலின் இரண்டாம் பாகத்தில் இதற்கு நீண்ட இடம் ஒதுக்குகிறார். தேவன் சொன்னது மெய்யாக இருந்தும் கேட்டவர் அதைத் தம் போக்கில் புரிந்துகொண்டு ஏமாறலாம் என்பதற்கு வேதத்திலிருந்தே உதாரணங்களை அடுக்குகிறார். எகிப்திலிருந்து திரும்பக் கொண்டுவருவேன் என்று வாக்குப் பெற்ற யாக்கோபு எகிப்திலேயே மரித்தார். வாக்கு அவர் சந்ததியில் நிறைவேறியது. மோசேயோடு முகமுகமாய்ப் பேசிய தேவன், வழக்குகளை விசாரிக்கத் துணை நியாயாதிபதிகளை வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லவில்லை. அதை மாமனார் எத்திரோ வந்து சாதாரண புத்தியால் சொல்ல வேண்டியிருந்தது. மனித அறிவாலும் ஆலோசனையாலும் தீரக்கூடியதைத் தேவன் வெளிப்பாட்டால் தருவதில்லை என்பது அந்தத் துறவியின் முடிவு. தமிழ் விசுவாசி ஒருவரும் தேவன் என்னோடு பேசவில்லையே என்று ஏங்குமுன், தம் எத்திரோ யார் என்று தேடிப் பார்க்கலாம்.

ஆகவே ஒரு வார்த்தை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சொன்னவர் நல்லவர், நோக்கம் தூயது, உள்ளம் அசைந்தது. முதலில் சொன்னதை அப்படியே எழுதிவைப்பது நல்லது. ஒரு வாரத்தில் அதற்குள் நம் ஆசைகள் புகுந்துவிடும். சொன்னது எது, நாம் சேர்த்துக்கொண்டது எது என்று அப்போதுதான் பிரிக்க முடியும். அதை நம்மை நன்றாக அறிந்த, இதில் லாபமும் நஷ்டமும் இல்லாத இரண்டு மூன்று பேரிடம் கொண்டுபோக வேண்டும். சொன்னவரே அதற்கு விளக்கம் சொல்பவராகவும் இருக்கக் கூடாது. மூன்று இடங்களில் நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். பணத்தைப் பற்றி அந்தியோகியாவும் திதாகேயும் சொல்லிவிட்டன. மருந்தைப் பற்றி: எசேக்கியா பிழைப்பான், 15 வருஷம் கூடுதலாக வாழ்வான் என்று கர்த்தரின் வார்த்தையைக் கொண்டுவந்த அதே ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிளவையின் மேல் போட வைத்தார். சுகமாவாய் என்ற தீர்க்கதரிசனத்தை நம்பி இன்சுலினை நிறுத்துபவர் ஏசாயாவைவிட அதிக ஆவிக்குரியவராகத் தம்மை எண்ணிக்கொள்கிறார். அதை நிறுத்தச் சொல்லும் ஊழியரை, பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மூப்பர்கள் எழுந்து நின்று மறுக்க வேண்டும்.

திருமணத்தைப் பற்றித்தான் நம் சபைகளில் அதிக வடு. ஒரு வாலிபனுக்கு ‘வெளிப்பட்டது’ என்பதால், அல்லது போதகருக்கு ‘காட்டப்பட்டது’ என்பதால், ஒரு பெண் மறுக்க முடியாமல் தலையாட்டுகிறாள். மறுத்தால் தேவசித்தத்தை மறுத்தவள் என்ற பெயர். ஆதியாகமம் 24-ஐ இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் அதைக் கடைசிவரை வாசிப்பதில்லை. ஆபிரகாமின் ஊழியக்காரன் கேட்ட அடையாளம் கிணற்றடியில் இம்மி பிசகாமல் நடந்தது. லாபானும் பெத்துவேலும் இது கர்த்தரால் வந்த காரியம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பின்னும், புறப்படும் காலையில், பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாயாலேயே கேட்போம் என்று ரெபெக்காளை அழைத்து, இந்த மனுஷனோடே போகிறாயா என்று கேட்டார்கள். போகிறேன் என்றாள். அடையாளமும் வீட்டாரின் சம்மதமும் ஆன பிறகும் அவளுடைய சொல்லுக்குக் காத்திருந்த அந்தப் பழைய மெசொப்பொத்தாமிய வீட்டில் ரெபெக்காளுக்குக் கிடைத்த இடமாவது நம் சபைகளில் நம் மகள்களுக்குக் கிடைக்க வேண்டும்.

பவுலின் பயணத்தில் பலருக்கு நினைவில் நிற்காத ஒரு விவரம் உண்டு. கெஞ்சியவர்கள், பவுல் மனம் மாறவில்லை என்று கண்டபோது, கர்த்தருடைய சித்தம் ஆகட்டும் என்று அமர்ந்துவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை, செசரியாவின் சீஷர்களில் சிலர் அவரோடேயே எருசலேமுக்கு நடந்தார்கள். சைப்ரஸ் தீவைச் சேர்ந்த மினாசோன் என்ற பழைய சீஷன் வீட்டில் அவர் தங்க ஏற்பாடு செய்தார்கள். அகபு சொன்ன கட்டு அங்கே வந்தது. சில நாட்களில் ரோமப் போர்வீரர்கள் பவுலை இரவோடிரவாகத் திரும்பக் கொண்டுவந்தது இதே செசரியாவுக்கு. ஏரோதின் அரண்மனையில் காவல், இரண்டு வருஷம். அவருடைய சிநேகிதர் அவரிடம் வருவதையும் அவருக்குப் பணிவிடை செய்வதையும் தடுக்க வேண்டாம் என்று தேசாதிபதி பேலிக்ஸ் நூற்றுக்கு அதிபதியிடம் கட்டளை கொடுத்தார்.